மாசிப் பனி முடிந்த பிறகு முகத்துக்கு என்ன வேண்டும்?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அழகுக் குறிப்பு எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் இளவேனிலுக்கான புதுப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறார்கள். கனமான கிரீமை எடுத்து வைத்துவிட்டு மெல்லிய லோஷனுக்கு மாறுங்கள், குளிரில் உலர்ந்து உரிந்த தோலை ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தெடுங்கள், கன்னத்துக்கு இளஞ்சிவப்பும் உதட்டுக்குப் பவள நிறமும் வாங்குங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் பிழை ஒன்றும் இல்லை. வெளியே உறைபனி கொட்ட, வீட்டுக்குள் ஹீட்டர் ஓட, காற்றில் ஈரமே இல்லாமல் நான்கைந்து மாதங்கள் அடைந்து கிடந்த தோலுக்காக எழுதப்பட்டது அது. கும்பகோணத்திலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிற நமக்கு அந்தக் குளிர்காலமும் கிடையாது, அதைத் தொடர்கிற இதமான இளவேனிலும் கிடையாது. நம் பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை வாட்டுகிற அக்னி நட்சத்திரம் அந்த இளவேனிலுக்குள்தான் வருகிறது. ஆகவே நாம் பங்குனி பிறக்கும்போதே கண்ணாடி அலமாரியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. அப்படிப் பார்க்கும்போது வாங்க வேண்டியவை மிகக் குறைவாகவும் நிறுத்த வேண்டியவை அதிகமாகவும் இருக்கும் என்பது என் கட்சி.

டெல்டாவில் அந்த நேரத்தில் சில மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. வழக்கமான ஆண்டில் ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை ஜனவரி 28 அன்று பாசனத்துக்கு மூடப்படுவதால், மாசி முடிவதற்குள் காவிரியும் அரசலாறும் குடமுருட்டியும் வெண்ணாறும் மணல் தெரியக் கிடக்கின்றன. குளங்களும் இறங்கிவிட, குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான் மிஞ்சுகிறது. கடற்காற்றின் ஈரம் குறையாமலே வெப்பம் ஏறுவதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே தங்கத் தொடங்குகிறது. இவற்றோடு வெயிலும் செங்குத்தாகிறது. தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 18 வாக்கில், அதாவது சித்திரை பிறந்த முதல் வாரத்திலேயே, சூரியன் நண்பகலில் நேர் உச்சியைக் கடக்கிறது. அன்று பகல் 12.15 மணிக்கு அருகில் முற்றத்தில் நின்றால் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். முகத்துக்கு என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் கடையில் புதிதாக வந்திருப்பதைப் பார்ப்பதற்கு முன் இந்த நீரையும் வியர்வையையும் வெயிலையும் பார்க்க வேண்டும்.

நீரைப் பற்றி அழகுக் குறிப்புகளில் எவரும் பேசுவதில்லை. ஆற்று நீரில் குளித்த தோல் திடீரென்று போர்த் தண்ணீருக்கு மாறும்போது, கிரீம் எதையும் மாற்றாமலே முகம் இழுத்துப் பிடிப்பதும் கன்னத்தில் சாம்பல் பூப்பதும் பலருக்கு நேர்கிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகின்றன. குளியலறை வாளியில் படிகிற அதே வெள்ளைப் படிவு தோலிலும் படிகிறது. தோலின் இயல்பான அமிலத்தன்மை பிஎச் அளவில் ஏறத்தாழ 5. வழக்கமான சோப்புக்கட்டியோ 9 முதல் 10 வரை இருக்கும் காரப்பொருள். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இந்த நீரில், புழுக்கம் தாங்காமல் நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டு முகம் கழுவினால் தோல் தன் எண்ணெய்க் காப்பை இழந்து, அதை ஈடுகட்ட மேலும் கிரீம் கேட்கும். அந்தக் கிரீம் வியர்வையோடு சேர்ந்து முகத்தில் வழியும். காலையும் இரவும் மட்டும் சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், இடையில் எத்தனை முறை கழுவினாலும் வெறும் நீர், முடிந்தால் கடைசிச் செம்புக்கு மட்டும் குடிநீர் என்பதே நான் கடைப்பிடிக்கிற முறை. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற தெருக்களில் ஒரு செம்பு நீரை முகத்துக்கென்று ஒதுக்குவதை ஊதாரித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபேஸ்வாஷ் வேண்டாம் என்பவர்களுக்கு டெல்டாவே அந்தப் பருவத்துக்கு உரியதை விளைவித்துத் தருகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற கதிருக்குள்ளேயே வயலின் ஈரத்தை நம்பி உளுந்தையும் பச்சைப்பயறையும் தூவிவிடுவது இங்கே உள்ள வழக்கம். நெல் தரிசில் வளரும் இந்தப் பயறு பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. புதுப் பயற்றைக் காயவைத்து அரைத்த பயத்தம்மாவு கடின நீரிலும் பிசுக்குக் கட்டாமல் எண்ணெயை எடுக்கிறது, சோப்பைப் போலத் தோலைக் காரமாக்குவதும் இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மில்லில் மிளகாய் அரைத்த மிஷினில் அரைத்துவிட்டால் முகம் படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை. சீயக்காய் அரைக்கிற மிஷின் தனியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அடுத்தது, சல்லடையில் சலித்தது போதாது, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்தே முகத்துக்கு எடுக்க வேண்டும். கொரகொரப்பான மாவைத் தேய்ப்பதும் வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்க்ரப்பைத் தேய்ப்பதும் தோலைப் பொறுத்தவரை ஒன்றே. நம் மாநிறத் தோலில் உரசலும் அழற்சியும் ஆறிய இடமெல்லாம் கருந்தழும்பாக நிற்கும்.

வெறும் பயத்தம்மாவோடு நிற்காமல் குளியல் பொடி சேர்க்கிறவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் என்று வரிசையாகக் கட்டித் தருவார்கள். அவற்றோடு பல கடைகளில் கார்போகரிசி என்ற விதையும் வந்து விழும். கோடையில் நான் கட்டாயம் நீக்குகிற பொருள் அதுதான். கார்போகரிசியில் சோராலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டபின் வெயிலின் புற ஊதா ஏ கதிர்கள் விழுந்தால் தோல் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூர்மையாக அதை ஏற்கும். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர்கள் சோராலெனைக் கொடுத்து, அளந்து புற ஊதா ஒளியைக் காட்டுவது இந்தப் பண்பை நம்பித்தான். மருத்துவர் அளந்து செய்கிற வேலையைச் சித்திரை வெயில் அளக்காமல் செய்துவிடும்; தோல் கன்றிச் சிவந்து, பின் அடர்ந்து கறுக்கும். வேடிக்கை என்னவென்றால், ரெட்டினாலுக்கு மாற்று என்று இன்று விலை உயர்ந்த சீரங்களில் விற்கப்படும் பாக்குச்சியால் என்னும் பொருள் இதே கார்போகரிசியிலிருந்து எடுக்கப்படுவதுதான். சுத்திகரிக்கும்போது சோராலெனை விலக்கிவிடுவதால் அதை முகத்தில் பூச முடிகிறது. இடித்த பொடியில் அந்த விலக்கல் இல்லை. முகக் கருமை போக எலுமிச்சைச் சாற்றைப் பூசுகிற வழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு, ஏனெனில் எலுமிச்சை வகைகளிலும் சோராலெனின் உறவுப் பொருள்கள் இருக்கின்றன.

இதைச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம். "நாங்கல்லாம் இதைத்தானே போட்டுக் குளிச்சோம், எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார். நியாயமான கேள்வி. விடியலுக்கு முன் ஆற்றுக்குப் போய், பொடியைத் தேய்த்த கையோடு முழுகி எழுந்தவர்களின் தோலில் அது தங்கியதே இல்லை. அதே பொடியைத் தயிரில் குழைத்து அரைமணி நேரம் முகத்தில் ஊறவிட்டு, கழுவிய கையோடு பதினோரு மணி வெயிலில் ஸ்கூட்டர் எடுக்கிற வழக்கம் காணொளிகளோடு வந்தது. அம்மாவின் பொடி அம்மாவின் முறையில் இருக்கும்வரை எனக்கும் அதில் வழக்கில்லை.

அடுத்தது வியர்வை. தேமல் பங்குனியிலிருந்து கழுத்திலும் முதுகிலும் தோளிலும் வெளிறிய திட்டுகளாகத் தெரியத் தொடங்கும். எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழ்கிற மலசீசியா என்னும் பூஞ்சை புழுக்கத்தில் பெருகுவதுதான் அதற்குக் காரணம். இந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியில் இறங்கி, கழுத்து வழியே முதுகுக்குப் போனால் அதற்கு விருந்து வைத்தது போலத்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளின் எண்ணெயைக் குறைசொல்ல நான் யார். தலையில் வைத்து ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள், முகத்தில் மட்டும் இரவு முழுக்க வைத்திருக்காதீர்கள் என்கிறேன். மார்கழியில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் உதவிய வாஸ்லினும் கோகோ வெண்ணெய்க் கிரீமும் இப்போது வியர்வைத் துளையை அடைத்து வேர்க்குருவைக் கொண்டுவரும். கிளிசரினோ ஹயலூரானிக் அமிலமோ கொண்ட ஜெல் ஒன்று போதும். கடலோரப் புழுக்கத்தில் இருப்பவர்களுக்கு, சன்ஸ்க்ரீனே ஈரம் காக்கும் வகையாக இருந்தால் பகலில் ஜெல்லும் வேண்டியதில்லை.

வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுகிற கைவைத்தியம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி அரிப்பை அடக்குகிறது, கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் தடவியதைக் கழுவாமல் விட்டால் அந்த இனிப்புப் பசை எறும்பை அழைக்கும். கலமைன் லோஷனும் பருத்திச் சட்டையும் காற்றோட்டமும் அதைவிட நன்றாக வேலை செய்யும். பவுடர் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குளித்து வந்ததும் கழுத்தும் மார்பும் வெளுக்கப் பவுடர் கொட்டிக்கொள்வது இங்கே கோடைச் சடங்கு. வியர்வையோடு சேர்ந்த பவுடர் கழுத்து மடிப்பில் சேறாகி அரிப்பையே கூட்டுகிறது என்பதோடு, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பெரிதும் கருதப்படுவனவற்றின் பிரிவில் வைத்தது. அதற்காக அலற வேண்டியதில்லை. மூச்சில் போகும்படிக் கொட்டிக்கொள்ளாமல், குழந்தைகளுக்கு அறவே போடாமல் இருந்தாலே பெரும்பகுதி தீரும்.

காரடையான் நோன்புக்குப் புதுச் சரடு கட்டிக்கொண்ட பெண்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். மஞ்சள் சரடு வியர்வையையும் சோப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்க பிடரியில் உரசுகிறது. பின்கழுத்தில் கருவளையம் விழுந்துவிட்டது என்று பார்லரில் ப்ளீச் கேட்பவர்களில் பலருக்கு, குளித்தபின் சரடைத் துண்டால் ஒற்றி உலரவிட்டால் போதும். (பின்கழுத்துக் கருமை வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அது வேறு, இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறியாக இருக்கலாம், சர்க்கரையைப் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும்.)

இப்போது வெயிலுக்கு வருகிறேன். பங்குனியில் ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் அது சன்ஸ்க்ரீனாகத்தான் இருக்க வேண்டும். சீரம், டோனர், ஷீட் மாஸ்க் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். குழாயில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் என்ற எண் தோலைச் சுடுகிற புற ஊதா பி கதிர்களைப் பற்றியது. 30 என்றால் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்றால் 98 விழுக்காட்டையும் தடுக்கும். 30-க்கும் 50-க்கும் இடையே விளம்பரம் காட்டுகிற அளவுக்கு மலையும் மடுவும் இல்லை. தோலைக் கறுக்கவும் தளரவும் வைக்கிற ஏ கதிர்களுக்கு எதிரான வலிமையை பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகள் சொல்கின்றன, நான்கு கூட்டல் இருந்தால் அதுவே உயர்ந்த வகை. சாதாரணக் கண்ணாடி பி கதிர்களைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு ஏ கதிர்களை உள்ளே விடுகிறது. ஆகவே தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே கண்ணாடி ஏற்றிய காரில் போய் வருகிறவர்களும், ஜன்னலோர மேசையில் அமர்ந்து வேலை செய்கிறவர்களும், தாங்கள் வெயிலில் இல்லை என்று நினைத்துக்கொள்ள இடமில்லை.

எண்ணைவிட அளவு முக்கியம். அந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் கணக்கிட்டவை. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வர, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு பிதுக்க வேண்டும், ஏறத்தாழ 1.2 கிராம் வரும். காலையில் ஒரு முறை, நண்பகலுக்கு முன் ஒரு முறை என்று பூசினால் 50 கிராம் குழாய் 20 நாள்களில் தீர்ந்துவிடும். ஒரு குழாய் ஆறு மாதம் வருகிறது என்று மகிழ்கிறவர்கள் விரலில் ஒரு பட்டாணி அளவைத்தான் பூசுகிறார்கள். அந்த அளவில் 50 என்ற எண் கணிசமாகச் சரிந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தால் விலை உயர்ந்த 50 கிராம் குழாயை மிச்சம் பிடித்துப் பூசுவதைவிட, நடுத்தர விலையில் உள்ளதை வாங்கித் தாராளமாகப் பூசுவதே அறிவுடைமை. வியர்வை வழிந்தபின் மறுபடி பூச வேண்டும் என்பதையும், குழாயை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சன்ஸ்க்ரீன்களை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கும், அந்தப் பெட்டிக்குள் சித்திரை மதியத்தில் அதைவிட மிகுதியாகவே கொதிக்கும்.

குடை போதாதா என்று கேட்பவர்களுக்கு வற்றிய ஆற்றைக் காட்டலாம். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்பதால், தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் குடைக்குக் கீழேயே வெயில் வாங்கும். துப்பட்டாவால் முகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது நல்ல காப்புதான், நெசவு நெருக்கமான பருத்தியாக இருந்தால். வலைபோன்ற ஷிஃபான் துணி வெயிலை வடிகட்டுவதில்லை. நாள்தோறும் துவைக்காத துணி, மூச்சின் ஈரத்தோடு உரசி, தாடையோரம் பருவைக் கொண்டுவரும்.

என் அக்கா மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சன்ஸ்க்ரீனைப் பற்றி என்னிடம் சொல்கிற குறை ஒன்று உண்டு. "சித்தி, இதைப் போட்டா திருநீறு பூசின மாதிரி ஆயிடுது, பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க." குறை அவளுடையது அன்று. பல சன்ஸ்க்ரீன்களில் கதிரைத் தடுக்கிற துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெண்பொடிகள். வெள்ளைத் தோலில் மறைந்துபோகிற அந்த வெண்மை நம் தோலில் சாம்பலாகத் தெரிகிறது. தோல் வகைகளை ஆறாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலே 1975-இல் வெள்ளைத் தோலை மட்டும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டு, பழுப்புக்கும் கறுப்புக்குமான வகைகள் பின்னால் ஒட்டுப்போட்டது போல் சேர்க்கப்பட்டவை. பொருள்கள் மட்டும் வேறு எப்படி இருக்கும். வெண்பொடிக்குப் பதில் வேதி வடிகட்டிகள் கொண்ட ஜெல் வகையோ, நிறம் சேர்த்த வகையோ வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும். நிறம் சேர்த்ததை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் என் கன்னங்களில் படர்ந்த மங்கு என்னும் கருந்திட்டு ஒவ்வொரு பங்குனியிலும் அடர்ந்து, ஐப்பசி மழையில் சற்றே வெளிறும். மங்கைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குத் தெரிகிற ஒளியும்தான். சாதாரண சன்ஸ்க்ரீன் அந்த ஒளியை விட்டுவிடுகிறது, நிறத்துக்காகச் சேர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு அதைத் தடுக்கிறது. மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த வகை ஒப்பனையன்று, மருந்துக்கு நெருங்கிய ஒன்று.

மங்கும் கருமையும் தெரியத் தொடங்கும் இதே மாதங்களில்தான் வெளுப்புக் கிரீம்களுக்கும் கிராக்கி ஏறுகிறது. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் பார்லரில் கலந்து தருவதையும், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் 'நைட் கிரீம்' என்று கேட்டு வாங்குவதையும் பற்றி எனக்கு இரக்கமே இல்லை. முதல் வகையில் பாதரசம் இருக்கலாம். முகப்பூச்சில் அதைச் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரம் முகம் பளிச்சென்றுதான் தெரியும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிய, வெயில் பட்டாலே எரிய, பருவும் மீசை போன்ற முடியும் வர, விட்டால் இன்னும் மோசமாகும் என்ற பயத்தில் விடவும் முடியாமல் போகும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. மங்குக்கு அங்கே போய் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்பனைக்கு நான் எதிரியல்லேன். மகா சிவராத்திரியில் நாட்டியாஞ்சலி, பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், சித்திரையில் பெரிய கோயில் தேர், அதன்பின் வைகாசி முகூர்த்தங்கள் என்று இந்தப் பருவத்தில்தான் இங்கே முகங்கள் நிறையப் பேரால் பார்க்கப்படுகின்றன. ஆனால் குளிரூட்டாத கல்யாண மண்டபத்தில் ஹோமப் புகைக்கு எதிரே அமர்கிற முகத்துக்கு, மெருகு வார்த்த ஃபவுண்டேஷன் முகூர்த்தம் வரை தாங்காது. சன்ஸ்க்ரீன் நன்றாக ஒட்டும்வரை கால்மணி நேரம் விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் கன்சீலர் தட்டி, மூக்கிலும் நெற்றியிலும் மெல்லிய காம்பேக்ட் ஒற்றினால் போதும். வியர்த்ததும் மேலே மேலே பவுடர் அப்பாமல் முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

நிறத் தேர்வில் நம் கடைகளோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. முகத்தைப் பார்த்ததும் இரண்டு படி வெளிறிய டப்பாவை எடுத்து நீட்டுவது விற்பனையாளர்களுக்குப் பழகிப்போன மரியாதை. புறங்கையில் தடவிப் பார்ப்பது பயனற்றது. தாடையோரம் கோடு இழுத்து, கடையின் குழல்விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கழுத்தோடு ஒப்பிட வேண்டும், கோடு காணாமல் போனால் அது உங்கள் நிறம். மார்கழியில் வாங்கியது சித்திரையில் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்கலாம். நமக்கு வெயில் ஒரு படி கறுப்பைச் சேர்த்திருக்கும். வெளிறிய பழையதோடு அடர்ந்த நிறம் ஒன்றைச் சிறிது கலந்துகொண்டால் இரண்டும் வீணாகாது. டைட்டானியம் மிகுந்த ஃபவுண்டேஷனும் வெண்பவுடரும் கேமரா ஃப்ளாஷில் முகத்தை மட்டும் சுண்ணாம்பு அடித்ததாகக் காட்டும். ஆல்பத்தில் பிற்பாடு கழுத்தையும் கையையும் வெளுத்துத் தரும் நிழற்படக்காரர்களின் கைவண்ணத்துக்கு அதுவே தொடக்கம்.

கண்மையில் பென்சில் வகையின் பக்கமே நான். கரிசலாங்கண்ணிச் சாறு ஊறிய திரியை எரித்துப் பிடித்த கரியில் விளக்கெண்ணெய் குழைத்து அப்பாயி செய்த மைக்கு ஈடில்லை என்றாலும், பங்குனிப் பகலில் அது கன்னம்வரை இறங்கிவிடும்; இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். வழியாத பென்சில் மையை நீரில் கழுவ முடியாது என்பதால், படுக்குமுன் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு இமையில் ஒற்றி எடுத்துப் பிறகு கழுவ வேண்டும். கழுவிவிடுகிற வரை அந்த எண்ணெய்க்கு முகத்தில் வேலை உண்டு. நாட்டியாஞ்சலி மேடையிலிருந்து இறங்குகிற பெண்கள் அடர்ந்த அரிதாரத்தை எடுக்கிற முறையும் ஏறத்தாழ இதுதான்.

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் பொருள் இருக்கக்கூடும். சிலருக்கு அது நிறமிச் செல்களையே அழித்து நெற்றியில் வெண்திட்டை விடும். வியர்வையில் பசை இளகுவதாலும், கழன்று விழுமென்று வலுவான பசையுள்ளதைத் தேடுவதாலும் கோடையில் இது கூடுதல் கவலை. ஒட்டிய இடத்தில் அரிப்பு தோன்றிய அன்றே நிறுத்திவிட வேண்டும், திட்டு விழும்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும்போதாவது மஞ்சளிலிருந்து செய்த குங்குமத்துக்கு மாறிக்கொள்ளலாம், கடைத்தெருவில் கிடைக்கிற பளபளக்கும் இரத்தச்சிவப்புத் தூளைக் குங்குமம் என்று கொள்ளாதவரை.

வைட்டமின் சி சீரம் வைத்திருப்பவர்கள் புட்டியை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும், பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட வேண்டும். லிப்ஸ்டிக்கின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்திருந்தால் வெப்பம் அதிகம் என்று பொருள். நிழலான அடித்தட்டுக்கு மாற்றினால் போதும், நிறத்தையோ மணத்தையோ இழக்காதவரை எறிய வேண்டியதில்லை. எடுத்து வைக்கிற கனத்த கிரீமை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள். ஆனியில் மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் காற்று உலர்ந்து, உதடு வெடித்து, முழங்கை வெளுத்து, அந்தக் கிரீம் மறுபடி வேண்டியிருக்கும். டப்பாவின் பின்புறத்தில் திறந்த மூடியின் படத்துக்குள் 12 என்று எழுதியிருந்தால், கார்த்திகையில் திறந்தது அடுத்த ஐப்பசி வரை வரும். ஓட்டுக்குக் கீழே கொதித்த டப்பாவுக்கு அந்த எண் பொருந்தாது.